கேள்வி கேட்காத தொட்டில்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள், நல்லடியார்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

    

சேவையில் சிறந்த ஒரு தாயைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்தார்கள். ஸஹாபியப் பெண்மணிகளின் வரலாறுகளை வெள்ளி மேடைகளில் நாம் அடிக்கடி கேட்டு வருகிறோம். ஆனால் அவற்றைக் கேட்கும்போது சிலருடைய உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. அது அந்தக் காலம், அந்த ஈமான், நம் காலத்தில் அப்படியொருவர் வாழ முடியுமா என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்திற்கு விடையாக, நம் காலத்தில் வாழ்ந்து, 2022-ஆம் ஆண்டில் நம்மைப் பிரிந்து சென்ற ஒரு தாயை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் கராச்சி மாநகரத்தில் செவிலியராகப் பணியாற்றிய பல்கீஸ் பானு ஈதி அம்மையார்.

பல்கீஸ் என்பது ஸபா நாட்டு அரசிக்கு நம் முன்னோர் வழங்கி வந்த பெயர். ஸுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் அந்த அரசிக்கு மகத்தான சிம்மாசனம் இருந்தது. நாம் பேச வந்திருக்கும் பல்கீஸுக்குச் சிம்மாசனம் இல்லை, மாளிகை இல்லை. அவர் வாசலில் ஒரு தொட்டில் இருந்தது. அந்தத் தொட்டிலைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மருந்தகத்தில் தொடங்கிய வாழ்வு

அம்மையார் பிறந்தது 1947-ஆம் ஆண்டு. துணைக்கண்டம் இரண்டாகப் பிரிந்த ஆண்டு அது. குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியிலுள்ள பாந்த்வா என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட மேமன் வணிகக் குடும்பங்கள் பல அக்காலத்தில் கராச்சியில் குடியேறின. அம்மையாரின் கணவர் மௌலானா அப்துல் சத்தார் ஈதி அவர்களும் அவ்வூரிலிருந்து சென்றவரே. 1928-இல் பிறந்த அவர், அம்மையாரைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர்.

ஈதி அவர்களுடைய சிறு வயதுச் செய்தி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்குச் செல்லும்போது தாயார் நாள்தோறும் இரண்டு பைசாக்களைத் தருவாராம். ஒன்று உனக்கு, மற்றொன்று உன்னைவிட இல்லாதவனுக்கு என்று சொல்லி அனுப்புவாராம். பிற்காலத்தில் அந்தத் தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தபோது, ஆண்டுக்கணக்கில் அவருக்குப் பணிவிடை செய்தவர் அந்த மகன். நோயுற்றவர்களுக்கு ஊழியம் செய்வதை அவர் கற்றுக் கொண்டது தாயின் படுக்கையருகில்தான். 1951-இல் கராச்சியின் மீட்டாதர் வட்டாரத்தில் சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1957-இல் ஆசிய நாடுகளெங்கும் சளிக்காய்ச்சல் கொள்ளை நோயாகப் பரவியபோது கூடாரங்கள் அமைத்து மருந்து வழங்கினார். பிறகு பழைய வாகனம் ஒன்றை வாங்கி, அதையே நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஊர்தியாக்கித் தாமே ஓட்டினார். நாளடைவில் அந்த நாடு முழுவதும் ஆம்புலன்ஸ் ஊர்திகளை இயக்கும் பெரிய அறநிலையமாக அது வளர்ந்தது.

அந்த மருந்தகத்தில் 1965-ஆம் ஆண்டில் செவிலியப் பயிற்சிக்காக வந்து சேர்ந்த இளம்பெண்தான் பல்கீஸ். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் குறைவு. ஆனால் நோயாளிகளைப் பேணுவதில் அவர் காட்டிய கவனமும் சுறுசுறுப்பும் மருந்தகத்தாரைக் கவர்ந்தன. விரைவிலேயே செவிலியர் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1966-இல் ஈதி அவர்கள் அவரை மணம் புரிந்தார்.

திருமணம் நடந்த இரவு நிகழ்ந்ததைக் கேளுங்கள். மணமக்கள் மருந்தகத்திற்கு வந்தபோது, தலையில் பலத்த காயத்துடன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே இருந்தாள். புதுமணப் பெண்ணும் மாப்பிள்ளையும் உடனே அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அந்த இரவு முழுவதும் இரத்தம் ஏற்றுவதை மேற்பார்த்துக் கொண்டும், அழுது நின்ற உறவினர்களைத் தேற்றிக் கொண்டும் கழிந்தது. பிற்காலத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, அந்த இரவை இழந்ததற்காகத் தமக்கு வருத்தமில்லை என்றும், அந்தச் சிறுமி இன்று மணமாகிப் பிள்ளைகளோடு வாழ்கிறாள், அதுவே பெரிது என்றும் அம்மையார் கூறினார்.

சகோதரிகளே! இது ஒரு நாள் உற்சாகம் என்று எண்ண வேண்டாம். அந்த இரவு போன்றே அடுத்த ஐம்பத்தாறு ஆண்டுகளும் கழிந்தன.

வேலைக்குச் செல்லும் தாய்

அம்மையார் நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவரோ இரண்டு ஜோடி உடைகளுக்கு மேல் வைத்துக் கொள்ளாதவர். அறநிலையப் பணத்திலிருந்து தமக்கென்று ஊதியம் எடுக்காதவர். அலுவலகத்தை ஒட்டிய சிறிய இருப்பிடமே குடும்பத்தின் வீடாக இருந்தது. இப்படிப்பட்ட கணவருடன் வாழ்வது எளிதன்று என்பதை அம்மையார் செய்தியாளர்களிடம் சிரித்துக் கொண்டே சொல்வதுண்டு. தம் பிள்ளைகளையும், அங்கு வந்து சேர்ந்த பிறர் பிள்ளைகளையும் அவர் ஒருசேரவே வளர்த்தார்.

அவருடைய பொறுப்பில் இருந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். பிரசவ விடுதி, செவிலியப் பயிற்சி, அநாதைக் குழந்தைகளின் இல்லம், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் மனநோயுற்ற பெண்களுக்கும் ஆன புகலிடம், கேட்பாரற்ற பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கஃபனிடும் ஏற்பாடு ஆகியன அவருடைய கவனத்தில் இருந்தன. ஆண்கள் செல்ல முடியாத இடங்கள் அனைத்திலும் அந்த அறநிலையத்தின் கரமாக இருந்தவர் அவர். அவர் இல்லாவிட்டால் ஈதி அவர்களுடைய சேவையில் பாதி நடந்திருக்காது.

பெண்கள் வெளியில் சென்று உழைப்பதைப் பற்றி நம்மிடையே பலவிதமான பேச்சுகள் உண்டு. ஆகவே மார்க்க வரலாற்றிலிருந்து மூன்று பெண்மணிகளை இங்கே நினைவூட்டுகிறோம்.

அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை வைத்துப் பேணச் செய்தது மதீனாப் பள்ளிவாசலின் வளாகத்தில் அமைந்த கூடாரத்தில். அது ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரம் என்று ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். பார்த்துக் கொள்ள யாருமற்ற காயம்பட்டவர்களுக்கு மருந்திடுவதை அப்பெண்மணி தம் கடமையாகக் கொண்டிருந்தார். பள்ளிவாசலிலேயே செவிலியப் பணி நடந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று, உணவு சமைத்து, காயம்பட்டவர்களைப் பேணியவர்கள். நாயகத்தின் மகளார் வஃபாத்தானபோது குளிப்பாட்டியவர்களும் அவர்களே. அந்தக் குளிப்பாட்டும் முறையை நமக்கு அறிவித்துத் தந்தவர்களும் அவர்களே. மூன்றாமவர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் ஸைனப் (ரலி). ஏழையான கணவருக்கும், தம் பராமரிப்பிலிருந்த அநாதைகளுக்கும் தம் பொருளைச் செலவிட்டு வந்த அவர், இது ஸதகாவாகக் கணக்கிடப்படுமா என்று கேட்டனுப்பினார். அவருக்கு இரண்டு கூலிகள் உண்டு, உறவைப் பேணியதற்கு ஒன்று, ஸதகாவுக்கு ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததாக ஸஹீஹான நூல்களில் காண்கிறோம்.

ஆகவே, பீடி சுற்றியும், தையல் தைத்தும், தோல் காலணித் தொழிற்சாலைக்குச் சென்றும், மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தும் பிள்ளைகளை வளர்க்கும் நம் மஹல்லாத் தாய்மார்கள் எவரும், தாம் மார்க்கத்திற்குப் புறம்பானவர்கள் என்று கூசி நிற்க வேண்டியதில்லை. ஒழுக்கம் பேணி உழைத்து, அந்த உழைப்பில் பிறருக்கும் பங்கு வைக்கும் பெண்ணுக்கு இந்த உம்மத்தின் வரலாற்றில் நல்ல இடம் இருக்கிறது.

வாசலில் இருந்த தொட்டில்

இனி அந்தத் தொட்டிலுக்கு வருவோம். கராச்சியில் குப்பைக் குவியல்களில் பச்சிளம் சிசுக்களின் உடல்கள் கிடப்பது அந்நாளில் அடிக்கடி நிகழ்ந்தது. அவற்றை எடுத்து அடக்கம் செய்யும் பணி ஈதி அவர்களின் ஊழியர்களுக்கு வந்து சேரும். அடக்கம் செய்வதோடு கடமை முடிந்துவிட்டது என்று அந்தத் தம்பதியர் கருதவில்லை. தங்களுடைய நிலையங்களின் வாசலில் இரும்புத் தொட்டிலை வைத்தார்கள். குழந்தையைக் கொல்ல வேண்டாம், இதில் விட்டுச் செல்லுங்கள் என்னும் கருத்துப்பட அதன் மேல் எழுதி வைத்தார்கள். விட்டுச் செல்பவர் யார், குழந்தையின் தந்தை யார், ஏன் விடுகிறீர்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். குழந்தையை எடுத்துப் பாலூட்டி, குளிப்பாட்டி, பெயரிட்டு வளர்க்கும் பொறுப்பு பல்கீஸ் அம்மையாருடையது.

அவ்வாறு காப்பாற்றப்பட்ட குழந்தைகளின் தொகை 16,000-த்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். ஊனத்துடன் பிறந்தவர்களும் பலர் இருந்தார்கள். பெண் குழந்தையை உயிருடன் புதைத்த ஜாஹிலிய்யாக் காலத்தைப் பற்றி நாம் மேடைகளில் வருந்திப் பேசுகிறோம். எந்தப் பாவத்திற்காக அவள் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் அந்தச் சிசுவிடமே வினவப்படும் என்பதைத் திருமறை நமக்கு அறிவிக்கிறது. அந்த வினா பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அரபிகளை மட்டும் நோக்கியதன்று. அம்மையாரின் தொட்டில் அந்த வினாவுக்கு அஞ்சியவர்கள் வைத்த தொட்டில்.

அன்பார்ந்தவர்களே! இதை எதிர்த்தவர்களும் உண்டு. ஆலிம்களிலேயே சிலர், இது தவறான உறவுகளுக்கு ஊக்கமளிக்கும் என்று கண்டித்தார்கள். கண்டித்தவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட வரவில்லை. ஒழுக்கக் கேட்டைத் தடுப்பது ஆலிம்களின் கடமையே. ஆனால் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். தொட்டிலை எடுத்துவிட்டால் விபச்சாரம் நின்றுவிடுமா? நிற்காது. ஒரு பாவத்தோடு இன்னொரு பெரும்பாவமாகக் கொலையும் சேரும். ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. பெற்றோர் எத்தகையவராயினும் குழந்தை இயற்கையான தூய நிலையிலேயே பிறக்கிறது. மேலும், தொட்டிலில் விடப்படும் குழந்தைகள் அனைவரும் தவறான வழியில் பிறந்தவர்கள் என்று எண்ணுவதே பெரும் பழி. வறுமையாலும், தொடர்ந்து பெண்ணாகப் பிறந்துவிட்டது என்ற காரணத்தாலும், ஊனத்தாலும் கைவிடப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

நாம் மத்ரஸாவில் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் ‘லகீத்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. லகீத் என்றால் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. எடுக்காவிட்டால் அழிந்துவிடும் என்ற நிலையில் கிடக்கும் குழந்தையை எடுப்பது கடமை என்று இமாம்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக் காட்டும் செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அபூ ஜமீலா என்பவர் கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து வந்தார். உமர் (ரலி) அவர்கள் முதலில் அவரையே ஐயத்துடன் விசாரித்தார்கள். அவர் நல்ல மனிதர் என்று அவருடைய குலத்தின் பொறுப்பாளர் சான்று கூறினார். உடனே உமர் (ரலி) அவர்கள், குழந்தையைக் கொண்டு செல், அது சுதந்திரமானது, அதன் செலவு நம்மைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார்கள். அதாவது பைத்துல்மாலிலிருந்து அந்தக் குழந்தைக்குச் செலவு செய்யப்படும்.

இந்தத் தீர்ப்பில் விசாரணைக்கு உள்ளானவர் குழந்தையை வளர்க்கப் போகிறவர். பல்கீஸ் அம்மையாரின் வழக்கமும் இதை ஒத்தே இருந்தது. விட்டுச் சென்றவரிடம் கேள்வி இல்லை. ஆனால் குழந்தையைத் தம்மிடம் தருமாறு கேட்டு வந்த தம்பதியரிடம் அவர் கண்டிப்பாக இருந்தார். அவர்களுடைய நடத்தை, வருமானம், குடும்பச் சூழ்நிலை ஆகியவற்றை நேரில் விசாரித்து, மனநிறைவு ஏற்பட்டால்தான் குழந்தையை ஒப்படைப்பார். வலியவர்களிடம் கேள்வி, நலிந்தவர்களிடம் கருணை என்பதே அந்த வாசலின் சட்டம்.

துயரத்தில் கலங்காத உள்ளம்

இத்தகைய பணியில் அவருக்குத் துன்பம் வராமல் இல்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் சிறு வயதில் இறந்தான். இயற்கையான மரணமன்று. அவர்களுடைய புகலிடத்தில் இருந்த மனநோயுற்ற பெண் ஒருத்தி அவன் மீது கொதிநீரை ஊற்றிவிட்டாள். எந்தப் பாட்டியின் உள்ளம் இதைத் தாங்கும்? எத்தனை பேர் அன்றே அந்தப் புகலிடத்தை இழுத்து மூடியிருப்பார்கள்? ஆனால் மனநோயுற்ற பெண்களுக்கான அந்தக் கதவுகள் அதன் பிறகும் திறந்தே இருந்தன. அறிவு தெளிவற்றவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று நாம் பாடமாக ஓதுகிறோம். அதைத் தம் பேரனின் கப்ருக்கு முன்னால் நின்று கடைப்பிடிப்பது எத்தகைய ஸப்ரு என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஈதி அவர்கள் சிறுநீரகம் பழுதுற்று நீண்ட காலம் துன்புற்று, 2016-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வஃபாத்தானார். கணவருக்குப் பின் அம்மையார் ஒதுங்கி அமரவில்லை. மகனுடன் சேர்ந்து பணியைத் தொடர்ந்தார். 1986-இல் கணவருடன் சேர்ந்து பெற்ற ரமோன் மக்சேசே விருது உட்படப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. அவருடைய அன்றாட வாழ்க்கையை அவை மாற்றவில்லை.

எல்லையைக் கடந்த தாய்மை

நம் நாட்டோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. பேச்சும் செவிப்புலனும் அற்ற ஓர் இந்தியச் சிறுமி, வழி தவறிச் சம்ஜௌதா விரைவு வண்டியில் லாகூர் சென்று சேர்ந்தாள். தன் பெயரையும் ஊரையும் அவளால் சொல்ல இயலவில்லை. அவள் அம்மையாரின் பராமரிப்புக்கு வந்தாள். அவள் ஹிந்து சமயத்தைச் சேர்ந்தவள் என்று அவளுடைய செய்கைகளிலிருந்து உணர்ந்து கொண்ட அம்மையார், அவளுக்குக் கீதா என்று பெயரிட்டு, அவளுடைய வழிபாட்டுக்குத் தம் இல்லத்திலேயே இடமும் ஏற்படுத்திக் கொடுத்தார். தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒரு பிள்ளையைத் தம் மார்க்கத்தில் சேர்த்துக் கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை அவர் செயலால் காட்டினார்.

பத்தாண்டுகளுக்கும் மேலாக வளர்த்த அந்தப் பெண்ணை, 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் தாமே உடன் வந்து புதுடில்லியில் ஒப்படைத்தார். நன்றிக் காணிக்கையாக இந்தியப் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாயை ஈதி அறநிலையம் பணிவுடன் மறுத்துவிட்டது. அரசாங்கங்களிடம் பணம் பெறுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. 2021-இல், கீதா மகாராஷ்டிராவில் தன் தாயைக் கண்டடைந்துவிட்டாள் என்னும் செய்தியை அம்மையாரே மகிழ்ச்சியுடன் செய்தியாளர்களுக்குத் தெரிவித்தார். வளர்த்த பிள்ளை பெற்றவளிடம் சென்று சேர்ந்ததற்காக மகிழ்வது வளர்த்தவருக்கு எளிதன்று.

அதற்கடுத்த ஆண்டு, 2022 ஏப்ரல் 15-ஆம் நாள், சங்கையான ரமழான் மாதத்தின் வெள்ளிக்கிழமையன்று, தம் 74-ஆம் வயதில் அம்மையார் கராச்சியில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஈதி தம்பதியரின் எல்லாக் கருத்துகளையும் ஆலிம்கள் அனைவரும் ஏற்றுக் கொண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஆனால் அந்தக் கரங்கள் செய்த வேலையைப் பற்றி வேறுபாடு இருக்க முடியாது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

கண்ணியத்திற்குரியவர்களே! வேறொரு நாட்டுப் பெண்மணியைப் புகழ்ந்துவிட்டு, தபர்ருக் பெற்றுக் கொண்டு வீட்டுக்குச் செல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை. குழந்தைகள் கைவிடப்படுவது வேறு நாட்டில் மட்டும் நடப்பதுமன்று. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992-இல் நம் தமிழ்நாட்டு அரசே சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஆகவே நிர்வாகப் பெருமக்களின் சிந்தனைக்கும் உங்கள் சிந்தனைக்கும் மூன்று செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, கைவிடப்படும் குழந்தைகளைப் பற்றியது. அப்படி ஒரு குழந்தையை எவரேனும் கண்டால், 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ, குழந்தைகள் நலக் குழுவிற்கோ, 1098 என்ற தொலைபேசி எண்ணிற்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. குழந்தையை வளர்க்க இயலாத தாய், அதைக் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. ஒப்படைத்த பின் மனம் மாறினால் திரும்பப் பெறுவதற்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு. யாருக்கும் தெரியாமல் தாமே ஒரு வீட்டாருக்குக் கொடுத்து வாங்கிக் கொள்வது, நல்லெண்ணத்துடன் செய்தாலும், சட்டப்படி குற்றம். குழந்தையில்லாதவர்கள் வளர்க்க விரும்பினால் சட்டத்தின் வழியே செல்ல வேண்டும். அவ்வாறு வளர்க்கும்போது, பிள்ளையின் பிறப்பு வமிசத்தை மறைத்துத் தம் வமிசமாக ஆக்கிக் கொள்ளாமல், வாரிசுரிமைக்குப் பதிலாகத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பகுதிக்குள் வஸிய்யத் எழுதலாம் என்பதை உங்கள் இமாமிடம் வந்து கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். தம் சிசுவைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டார்கள். உயிரைக் காப்பதற்கு அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்று அத்தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று திருமறை கூறுகிறது. அந்தப் பெட்டியைக் கரையோரமாகப் பின்தொடர்ந்து சென்று கவனித்த சகோதரியால்தான் பிள்ளை மீண்டும் தாயின் மடிக்கு வந்தது. குழந்தையை விட்டுச் செல்லும் ஒவ்வொரு தாயும் கல்நெஞ்சக்காரி அல்லள். கரையில் நின்று கவனிக்க அவளுக்கு ஓர் உறவு இல்லாமற் போனதே பல வேளைகளில் காரணம். அந்த உறவாக ஒரு ஜமாஅத் இருக்கலாம்.

இரண்டாவது, பைத்துல்மாலைப் பற்றியது. உதவி கேட்டு வரும் விதவைத் தாயை நாம் எத்தனை முறை வரச் சொல்கிறோம்? ரமழானில் வரிசையில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் பெயரை வாசித்து, கையில் பொட்டலத்தைக் கொடுத்து நிழற்படம் எடுக்கும் வழக்கம் பல ஊர்களில் வளர்ந்து வருகிறது. ஜகாத்துக்கு உரியவர்தானா என்று அறிந்து கொடுப்பது அவசியமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த விசாரணையை அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் வழியாக மறைவாகச் செய்யலாம். மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை மார்க்கம் எடுத்துச் சொல்கிறது. உதவியை உறையிலிட்டு வீட்டில் சேர்த்துவிட்டால், அந்தத் தாயின் பிள்ளைகள் மத்ரஸாவில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் தலைகுனிந்து அமர மாட்டார்கள். பெற்றுக் கொள்பவரைக் கேட்கும் கேள்விகளைக் குறைத்து, கணக்கு வைத்திருப்பவர்களைக் கேட்கும் கேள்விகளைக் கூட்டுவோம். இந்த ஆண்டறிக்கையில் வரவு செலவு அச்சிடப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

மூன்றாவது, நம் பெண்களைப் பற்றியது. பெண் மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் மஹல்லாவில் அருகி வருகிறார்கள். முதியவர்கள் சிலரே இருக்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்களின் அந்த ஸுன்னத்தை இளம் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்க ஒரு பயிற்சி வகுப்பு நடத்தலாம். செவிலியப் படிப்புக்குச் செல்ல விரும்பும் ஏழை மாணவிகளுக்கு ஜமாஅத்தின் கல்வி உதவியில் ஓர் இடம் ஒதுக்கலாம். பெண்களின் குறைகளைப் பெண்களே கேட்டு நிர்வாகத்திற்குத் தெரிவிக்க, அனுபவம் மிக்க தாய்மார்கள் மூவர் நால்வரைப் பொறுப்பாக்கலாம். ஆணிடம் சொல்லக் கூசி, சொல்லாமலே பட்டினி கிடந்த பெண்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

தாய்மார்களே! உங்களுக்கு ஒரு சொல். பல்கீஸ் அம்மையார் பெரிய பட்டம் படித்தவரல்லர், செல்வந்தரும் அல்லர். அவருக்குத் தெரிந்த வேலை செவிலியம். தெரிந்த அந்த ஒரு வேலையை அவர் அல்லாஹ்வுக்காகச் செய்தார். உங்களுக்குத் தெரிந்த வேலை தையலாக இருக்கலாம், சமையலாக இருக்கலாம், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பதாக இருக்கலாம். அதில் ஒரு பங்கை, ஈதி அவர்களின் தாயார் கொடுத்த இரண்டாவது பைசாவைப் போல, இல்லாதவருக்கென்று எடுத்து வையுங்கள். நாள்தோறும் எடுத்து வையுங்கள்.

இறைவா! உன் அடியாள் பல்கீஸ் அம்மையாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்கி வைப்பாயாக. தொட்டிலிலிருந்து அவர் எடுத்து வளர்த்த ஒவ்வொரு குழந்தையையும் அவருக்காக மறுமையில் சாட்சியாக்குவாயாக. எங்கள் மஹல்லாவில் உழைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களின் கரங்களில் பரக்கத்தை இறக்குவாயாக. எங்கள் வாசலுக்கு வரும் எவரையும் முகம் வாடித் திரும்பச் செய்யாத உள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.